ஒரே வீட்ல தங்கினா தனிமை வராதா?
ஆன்சைட்ல, அதாவது கம்பெனி வேலைக்கு அனுப்பற வெளிநாட்டுல, கூட வேலை பாக்கறவங்களோடயே தங்கினா தனிமை தெரியாதுன்னு கட்டுரைல எழுதிருக்கீங்க, அது பாதிதான் சரி. ஜெர்மனில ஃப்ராங்க்ஃபர்ட்ல நாங்க நாலு பேர் ஒரே ஃப்ளாட்ல இருந்தோம், ஆபீஸ்ல பேசின ப்ரொடக்‌ஷன் இஷ்யூவையே (ஓடிட்டிருக்கற சாஃப்ட்வேர்ல வர்ற கோளாறு) ராத்திரி ரசம் தாளிக்கும்போதும் பேசிட்டிருப்போம், டீம் லீட் பக்கத்து ரூம்ல இருக்கும்போது மனசு விட்டு என்னத்த பேசறது. அங்க ஞாயித்துக்கிழமை ரயில்வே ஸ்டேஷன் மாதிரி சில இடத்துக் கடைங்கள விட்டா சூப்பர்மார்க்கெட் எல்லாம் சட்டப்படியே மூடிருக்கும், சனிக்கிழமை சாயங்காலம் யாரும் பால் வாங்கி வைக்கலன்னா அதுக்கே ஒரு சண்டை. மேல கமெண்ட்ல ஒருத்தர் சமையலுக்கு முறை போட்டு ஃப்ரிட்ஜ்ல ஒட்டினா போதும்ங்கறார், அது பாத்திரம் கழுவறதுக்கு வேணா சரி. எனக்கு மூச்சு விட முடிஞ்சதே மைன் ஆத்தங்கரைல தனியா நடக்க ஆரம்பிச்சப்புறம்தான், கம்பெனிங்க லீடுக்காவது தனி வீடு குடுத்தே ஆகணும்.