இந்தியா 2023-ல் கோவிட் பரிசோதனை கேட்ட ஆறு இடங்களில் மலேசியா இருந்ததே இல்லை

"மலேசியாவிலிருந்து சென்னை, திருச்சி போகிற எல்லாரும் 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் கோவிட் பரிசோதனை முடிவை ஏர் சுவிதாவில் ஏற்றணும், இல்லாவிட்டால் கவுண்டரிலேயே திருப்பி அனுப்புவார்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி பினாங்கு குடும்பக் குழுக்களில் மறுபடி சுற்றுகிறது. பட்டர்வொர்த்தில் இருக்கும் என் சின்னம்மா இதை நம்பி கிளினிக்குக்கு போன் போட்டு விலைகூட கேட்டுவிட்டார். தப்பான செய்தி.

இந்தியா போகிறவர்கள் கோவிட் காலத்தில் நிரப்ப வேண்டியிருந்த இணையப் படிவமான ஏர் சுவிதா 2022 நவம்பர் 22-லேயே நிறுத்தப்பட்டது. சீனாவில் தொற்று எகிறியதும் 2023 ஜனவரி 1 முதல் சீனா, ஹாங்காங், ஜப்பான், தென்கொரியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஆறு இடங்களிலிருந்து வருபவர்களுக்கு மட்டும் பரிசோதனையும் படிவமும் திரும்பி வந்தன. பட்டியலில் மலேசியா இல்லை. ஆனால் கோலாலம்பூரிலிருந்து நேராகப் பறந்தவருக்குத் தேவைப்படாத அதே பரிசோதனை, டிக்கெட் மலிவு என்று சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் விமானம் மாறிப் போனவருக்குத் தேவைப்பட்டது, குழப்பம் முளைத்ததே அங்கேதான் என்று நினைக்கிறேன். அந்த விதியும் பிப்ரவரி 13-ல் போய்விட்டது.

சரி, இப்போது 72 மணி நேரம் எங்கிருந்து வந்தது? 2025 அக்டோபர் முதல் இந்தியா வெளிநாட்டவருக்கு இ-அரைவல் கார்டு என்ற இணைய வருகைப் படிவம் வைத்திருக்கிறது. போய் இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்தில் இணையத்தில் நிரப்பலாம், காசு கிடையாது, மூக்கில் குச்சி விடுகிற வேலையும் கிடையாது.

சின்னம்மாவிடம் சொன்னேன். "அப்போ விசா?" என்றார். அது வேண்டும், சின்னம்மா.