கடைசிப் பேருந்திலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்

கார் இல்லாதவர்களும் ஒரே நாளில் மலைநடை போய்வரலாம் என்று உங்கள் கட்டுரையில் வரைபடத்தோடு அக்கறையாக எழுதியதற்கு நன்றி. ஆனால் ‘காலையில் முதல் பேருந்தைப் பிடியுங்கள்’ என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். முதலில் பார்க்க வேண்டியது திரும்பி வரும் கடைசிப் பேருந்தைத்தான். அது 5.30க்கு என்றால், அதற்கு முந்தைய வண்டியையே இலக்காக வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். விடுமுறை நாள் அட்டவணை பெரும்பாலும் வேறாக இருக்கும்.

நடக்கும் நேரத்துக்கு, 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன விதி இன்றும் கைகொடுக்கிறது: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி. 12 கி.மீ. தூரம், 600 மீட்டர் ஏற்றம் என்றால் ஏறக்குறைய மூன்றரை மணி. சாப்பிடுவது, படம் எடுப்பது, நின்று ரசிப்பது எதுவும் இதில் சேராது. குழந்தைகள் கூட வந்தால் தாராளமாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பொதுப் போக்குவரத்தில் ஒரு பெரிய வசதி, புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டியதில்லை. ஒரு நிலையத்தில் இறங்கி, முகட்டைத் தாண்டி, அடுத்த பள்ளத்தாக்கில் ரயில் ஏறலாம். வண்டி அரிதாக வரும் முனையில் தொடங்கி, அடிக்கடி வரும் முனையில் முடியுங்கள். உங்கள் கட்டுரையின் வரைபடத்தில் பேருந்து, ரயில் நிறுத்தங்களையும் குறித்தால் பலருக்கும் உதவும்.