ஐந்து ஆண்டு கடந்துவிட்டால் விட்டுவிடுவதா?

அமெரிக்காவில் ஃபெடரல் குற்றங்களுக்கு, அதாவது மத்திய அரசின் சட்டத்தின் கீழ் வரும் குற்றங்களுக்கு, இத்தனை ஆண்டுகளுக்குப் பின் வழக்குத் தொடர முடியாது என்ற காலவரம்பு எதற்கு என்று கோபப்படுகிறவர்களுக்கு பாஸ்டன் கார்ட்னர் அருங்காட்சியகக் கொள்ளையே போதும். 1990 மார்ச் 18 அதிகாலை போலீஸ் உடையில் வந்த இருவர், காவலர்கள் இருவரையும் அடித்தளத்தில் கட்டிப்போட்டுவிட்டு, ரெம்பிராண்டின் கடல் ஓவியத்தைச் சட்டகத்திலிருந்து அறுத்தெடுத்தார்கள். மொத்தம் 13 கலைப்பொருட்கள் போயின. வெற்றுச் சட்டகங்கள் இன்றும் அதே சுவரில் தொங்குகின்றன. அன்றைய சட்டப்படி திருட்டுக்கு ஐந்தே ஆண்டுகள். 1995-இல் கெடு முடிந்தது. திருடர்கள் யாரென்று தெரிந்துவிட்டதாக எஃப்.பி.ஐ. 2013-இல் அறிவித்தபோது, அந்தத் திருட்டுக்காக எவரையும் கூண்டில் ஏற்ற வழியில்லை.

எனக்கும் எரிகிறது. ஆனாலும் நான் கெடுவின் பக்கம்தான். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை எங்கே இருந்தீர்கள் என்று அரசு வழக்கறிஞர் கேட்டால் நம்மில் எத்தனை பேரால் பதில் சொல்ல முடியும்? நமக்காகச் சாட்சி சொல்லக்கூடியவர் இறந்திருப்பார், ரசீதுகள் குப்பைக்குப் போயிருக்கும். அரசிடமோ ஆளும் பணமும் ஆய்வகமும் குறைவின்றி இருக்கின்றன. மூன்று ஆண்டாக இருந்த பொது வரம்பை 1954-இல் ஐந்தாக்கினார்கள். மரண தண்டனைக்குரிய குற்றங்களுக்கு வரம்பே கிடையாது. வங்கி மோசடிக்குப் பத்து ஆண்டுகள். தப்பியோடித் தலைமறைவானவனுக்குக் காலம் கணக்கில் ஏறாது. சாதாரணக் குற்றங்களுக்கு இதற்கு மேலும் அவகாசம் கேட்பது, ஒரு மனிதனின் தலைக்கு மேல் ஆயுள் முழுக்கக் கத்தியைத் தொங்கவிடக் கேட்பதுதான்.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் இந்த நியாயம் எதுவும் என்னிடம் செல்லாது. எட்டு வயதில் சீரழிக்கப்பட்ட பிள்ளை அதை வாய்விட்டுச் சொல்ல நாற்பது வயதாகலாம். பல சமயம் கைவைத்தவன் அதே வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன். யாரிடம் போய்ச் சொல்லும்? குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 2006-இல் வரம்பை அடியோடு நீக்கியது. எப்போதோ செய்திருக்க வேண்டியது.

ஆனால் ஏற்கெனவே கெடு தீர்ந்த குற்ற வழக்குகளுக்கு மறுபடி உயிர் கொடுக்க முடியாது. கலிபோர்னியாவின் ஸ்டோக்னர் வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அப்படித்தான் தீர்ப்பளித்தது. நெஞ்சு பொறுக்கவில்லை என்றாலும் அதை ஏற்கிறேன். முடிந்த கெடுவைப் பிற்பாடு நீட்டிக்கொள்ளும் அதிகாரம் அரசுக்குக் கிடைத்தால், அடுத்து அது யார் மேல் பாயும் என்பதை ஆட்சியில் இருப்பவர்தான் தீர்மானிப்பார்.

சிறை வேறு, நஷ்டஈடு வேறு. நியூயார்க் மாநிலம் 2019-இல் சட்டம் போட்டு, குழந்தைப் பருவத்தில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் நஷ்டஈடு கேட்கும் காலாவதியான சிவில் வழக்குகளையும் தொடுக்கக் குறிப்பிட்ட காலம் வழிவிட்டது. ஃபெடரல் சட்டத்தில் 2022-இல் சிவில் வரம்பை நீக்கியவர்கள், அதற்குள் காலாவதியாகிவிட்டவற்றை வெளியே நிறுத்திவிட்டார்கள். அப்படி வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கும் காங்கிரஸ் வழிவிட்டாக வேண்டும். பாதிக்கப்பட்டவர்களில் பலர் இப்போது தாத்தா பாட்டிகள். இன்னும் எத்தனை கூட்டத்தொடர்கள் அவர்கள் காத்திருப்பது?