மீன் தொட்டிச் செடிக்கு எதற்கு ஜப்பான் மண்?

மீன் தொட்டியில் செடி வளர்க்க எவ்வளவு செலவாகும் என்று யாராவது கேட்டால் போதும், உடனே கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், செடித் தொட்டிக்கென்றே ஜப்பானிலிருந்து வருகிற மண், இறக்குமதி உரப் பாட்டில் என்று ஒரு பட்டியலை நீட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. இரண்டடித் தொட்டியில் நாலு செடி வைக்க ஆசைப்பட்ட பையன் அதைப் பார்த்து மிரண்டு பிளாஸ்டிக் செடியோடு வீட்டுக்குப் போய்விடுகிறான். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இருக்கிற நமக்கு வேண்டியதில் பாதி காலடியிலேயே கிடக்கிறது என்பது என் கட்சி.

மண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் செம்மண்ணும் செம்பூராங்கல்லும் சிவப்பாக இருப்பதற்குக் காரணம் இரும்பு. தொட்டிச் செடியின் வேரும் அதைத்தான் தேடுகிறது. இந்தச் செம்பூராங்கல் வகையை லேட்டரைட் என்று பெயர் போட்டு ஜெர்மனியில் பாக்கெட்டில் விற்றார்கள், நாம் அதன்மேல் நடந்துகொண்டிருந்தோம். உரம், பூச்சிமருந்து படாத இடத்துச் செம்மண்ணைச் சலித்து ஒரு அங்குலம் பரப்பி, மேலே நன்றாகக் கழுவிய மணலை ஒன்றரை அங்குலம் மூடிவிட்டால் வேலை முடிந்தது. மணலில் ரெண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். இதை யாரும் பேசுவதில்லை. நம் வெயிலில் தொட்டித் தண்ணீர் மளமளவென்று வற்றும், நாமும் போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்போம். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஊற்ற ஊற்ற உப்பு ஏறிக்கொண்டே போகும். கண்ணாடி ஓரத்தில் படிகிற வெள்ளைக் கோடு அதுதான். வளவு முற்றத்தில் நாலு பக்க ஓட்டுத் தண்ணீரும் வந்து விழுகிற வீடுகளில் அண்டா வைத்துப் பிடிப்பார்களே, அதே மழைத் தண்ணீரில் கொஞ்சம் செடிக்கும் எடுத்துவையுங்கள். முதல் மழையை விட்டுவிட்டுப் பிடியுங்கள். ஆனால் முழுத் தொட்டியையும் மழைத் தண்ணீரால் நிரப்பாதீர்கள், அதில் கால்சியம், மெக்னீசியம் அநேகமாகக் கிடையாது. போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் சரி.

உரத்துக்கு மீன் கடைக்குப் போகாதீர்கள், உரக்கடைக்குப் போங்கள். 13-0-45 என்று கேட்டால் பொட்டாசியம் நைட்ரேட் தருவார்கள், 0-52-34 என்றால் பொட்டாசியமும் பாஸ்பேட்டும். அந்தச் சின்னப் பாட்டில்களில் தண்ணீரோடு கலந்து வருவதும் பெரும்பாலும் இதே உப்புகள்தான். 60 லிட்டர் தொட்டியில் ஒரு கிராம் 13-0-45 போட்டால் நைட்ரேட் சுமார் 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) ஏறும். மீன் இருக்கிற தொட்டி என்றால் அதன் கழிவிலேயே கொஞ்சம் வந்துவிடும், பாதி அளவில் தொடங்குங்கள். ஒரு கிலோ பாக்கெட் வாங்கி நாலு பேர் பங்கு போட்டாலும் தீராது. யூரியா, டிஏபி மட்டும் கூடவே கூடாது. அம்மோனியா ஏறி மீன் செத்து மிதக்கும்.

விளக்கு விஷயத்தில் நான் கறார். 6500 கெல்வின் என்று போட்டிருக்கிற சாதாரண வெள்ளை எல்இடி பல்பு போதும், ஆனால் ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம்தான். காலையில் போட்டு ராத்திரி படுக்கப் போகும்போது அணைக்கிறவர்கள்தான் பாசி, பாசி என்று புலம்புகிறார்கள். காசு கொடுத்து ஒரு பொருள் வாங்குவதானால் டைமர் சுவிட்ச் வாங்குங்கள்.

செடி? கண்மாய்க் கரையிலும் வயல் வரப்பிலும் படர்ந்து கிடக்கிற நீர்ப்பிரமிதான் கடையில் பகோபா. நம் கொட்டிக்கிழங்கின் சொந்தக்காரச் செடிகளைத்தான் அப்போனோஜெட்டன் கிழங்கு என்று விற்கிறார்கள். வரப்பில் பிடுங்கியதைத் தண்ணீருக்குள் வைத்தால் பழைய இலை அழுகி விழும், பயப்படாதீர்கள், நீருக்கு ஏற்ற புது இலை வரும். லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் படிகாரம் கரைத்து ஓரிரு மணி நேரம் ஊறவைத்து அலசிவிட்டு வையுங்கள், நத்தைத் தொல்லை குறையும். தட்டான் பூச்சியின் குஞ்சு ஒட்டியிருக்கிறதா என்று வெள்ளைக் கிண்ணத்தில் போட்டுப் பாருங்கள். கப்பி மீன் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும் அது.

பணம் கொடுத்து வாங்கலாம் என்று நான் சொல்வது அனுபியாஸும் ஜாவா பெரணியும்தான். மெதுவாக வளரும், ஆனால் சாகாது. கிழங்குத் தண்டை மணலில் புதைக்காமல் கல்லில் நூலால் கட்டுங்கள். தரையில் புல்வெளி மாதிரி விரிக்கவேண்டும், ரத்தச் சிவப்பில் செடி வேண்டும் என்றால் அப்போது சிலிண்டரைப் பற்றி யோசிக்கலாம். சிலிண்டருக்குப் பதிலாகச் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டுக் கார்பன் டை ஆக்சைடு வரவைக்கிற பாட்டில் வித்தை எனக்குப் பிடிக்கவில்லை, ஒரு நாள் பொங்கும், மறுநாள் படுத்துவிடும்.

அப்புறம், வெட்டிய தண்டுகளை ஊருணியில் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். ஆகாயத்தாமரையும் பூ அழகாக இருக்கிறது என்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்ததுதான். வெயிலில் காயவைத்து ரோஜாச் செடிக்குப் போடுங்கள். பகோபா வேண்டுமென்றால் என்னிடம் நிறைய இருக்கிறது, காரைக்குடி கழனிவாசல் பக்கம் வருகிறவர்கள் ஒரு ஈரத்துணியோடு வாருங்கள், காசு வேண்டாம்.