துரந்தர் இரண்டாம் பாகம் யாலினாவுக்குப் பதில் சொல்ல வேண்டும்

2026 மார்ச் 19ஆம் தேதி 'துரந்தர்' என்ற இந்தி உளவுப் படத்தின் இரண்டாம் பாகம் வருகிறது. முதல் பாகம் இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பதிவைப் பிறகு படியுங்கள். படத்தின் முடிவு வரை பேசப் போகிறேன்.

படம் எப்படி இருக்க வேண்டும் என்று என் மனதில் ஓடுவதை, டிக்கெட் முன்பதிவு சத்தம் தொடங்குவதற்கு முன்பே எழுதிவிட நினைக்கிறேன். படம் வந்தபிறகு இங்கே இரண்டே கூட்டம்தான் இருக்கும். ஒன்று தலையில் தூக்கி வைக்கும், இன்னொன்று காலில் போட்டு மிதிக்கும். முதல் பாகத்துக்கு அதுதான் நடந்தது. படத்தைக் குறை சொன்ன விமர்சகர்களை இணையத்தில் எவ்வளவு மோசமாகத் தாக்கினார்கள் என்றால், திரை விமர்சகர்களின் அமைப்பே அதைக் கண்டித்து அறிக்கை விட வேண்டியிருந்தது. எனக்கு முதல் பாகம் மிகவும் பிடித்திருந்தது. அதே படத்தில் எனக்குக் கோபம் வந்த இடங்களும் உண்டு. இரண்டையும் ஒரே ஆள் சொல்லலாம் என்றே நம்புகிறேன்.

முதலில் பிடித்ததைச் சொல்கிறேன். பத்துப் பதினைந்து வருடங்களாக இந்தி உளவுப் படம் என்றால் நமக்குக் காட்டப்பட்டது வேறு ஒரு உலகம். 2012இல் 'ஏக் தா டைகர்' தொடங்கி 'வார்', 'பதான்', 'டைகர் 3', 2025 ஆகஸ்டில் வந்த 'வார் 2' வரை உளவாளி என்பவன் நட்சத்திர உடம்போடு வருவான். நாட்டுக்கு நாடு பறப்பான், விமானத்தில் தொங்குவான், கடற்கரையில் ஆடுவான். அவனை யாரும் கவனிக்காமல் இருக்கவே முடியாது. உளவாளியின் முதல் தகுதியே யார் கண்ணிலும் படாமல் இருப்பதுதானே! 'துரந்தர்' படத்தின் இந்திய உளவாளி ஹம்சா ஆப்கானிஸ்தான் வழியாகப் பாகிஸ்தானுக்குள் நுழைந்து, கராச்சியின் லியாரிப் பகுதிக்கு வந்து, ஒரு பழச்சாறு கடையில் வேலைக்கு நிற்கிறான். அடி வாங்குகிறான், அவமானப்படுகிறான். ரன்வீர் சிங் மாதிரி ஓயாமல் ஆற்றலைக் கொட்டும் ஒரு நடிகரை, வாயை மூடிக்கொண்டு மற்றவர்களைக் கவனிக்கும் ஆளாகப் படத்தின் பெரும்பகுதியில் வைத்திருந்தது இயக்குநர் ஆதித்யா தரின் பெரிய துணிச்சல். அந்த இடத்தை அக்ஷய் கன்னா எடுத்துக்கொண்டார். அவர் நடித்த லியாரி தாதா ரெஹ்மான் டகைத் வரும் ஒவ்வொரு காட்சியிலும் திரையை விட்டு என் கண் நகரவில்லை.

மூன்று மணி நேரம் 34 நிமிடப் படம். எனக்கு நீளம் தெரியாமல் போனதற்குக் காரணம் லியாரிதான். அங்கே போய்ப் படமெடுக்க வழியில்லை, பாங்காக்கில் அரங்கம் போட்டு எடுத்தார்கள். ஆனாலும் அந்தச் சந்துகளுக்கு ஒரு புழுக்கம் இருந்தது. யார் யாருக்கு உறவு, யார் யாருக்குப் பகை, எந்தக் கட்சி எந்த கும்பலைத் தாங்குகிறது என்ற கணக்கு தெளிவாக இருந்தது. எதிரி நாடு என்று சொல்லி ஒரு பச்சை விளக்கும் நான்கு தாடிகளும் காட்டிவிட்டுப் போகாமல், ஓர் ஊரைக் காட்டினார்கள்.

ஆனால் அந்த ஊரில் பாதியைத்தான் காட்டினார்கள் என்பது என் வருத்தம். லியாரி கராச்சியின் மிகப் பழைய குடியிருப்புகளில் ஒன்று. மக்ரான் கரையிலிருந்து வந்த பலோச் மக்கள், ஆப்பிரிக்க வம்சாவளியினரான ஷீதிகள், துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்த குடும்பங்கள் வாழும் இடம். கால்பந்துப் பைத்தியம் பிடித்த ஊர். கிரிக்கெட் நாட்டில் இருந்துகொண்டு, உலகக் கோப்பை வந்தால் பிரேசில் கொடியைத் தெருவெல்லாம் கட்டுவார்கள். 1988 சியோல் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டையில் வெண்கலம் வென்ற ஹுசைன் ஷா இந்த லியாரித் தெருவில் வளர்ந்தவர். பெனாசிர் பூட்டோ 1987இல் தன் திருமணக் கொண்டாட்டத்தை லியாரியின் கக்ரி மைதானத்தில் மக்கள் நடுவே வைத்தார், அந்த அளவுக்கு அந்தக் குடும்பத்துக்கும் கட்சிக்கும் அது கோட்டை. அப்படிப்பட்ட ஊரில் துப்பாக்கி எப்படி நுழைந்தது, கட்சிக்காரர்கள் அந்தப் பையன்களை எப்படிப் பயன்படுத்தித் தூக்கி எறிந்தார்கள் என்பதுதான் அந்த மண்ணின் பெரிய சோகம். படத்தில் அது ஒரு கோடாக வந்து போகிறது. பலோச் மக்களையே நம்பத்தகாதவர்கள் என்று சொல்லும் ஒரு வசனத்துக்குப் பலோச் தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்தது. அந்த எதிர்ப்பு நியாயமானது. ஒரு கெட்ட போலீஸ்காரன் பேசும் வசனம்தான், ஆனாலும் அதைக் கேட்டுத் திரையரங்கமே விசிலடிக்கும்படி காட்சியை அமைத்தது இயக்குநர்தானே.

இரண்டாம் பாகத்துக்கு உண்மை வரலாறே எவ்வளவு வைத்திருக்கிறது பாருங்கள். நிஜ ரெஹ்மான் 2009 ஆகஸ்டில் கராச்சி போலீஸ் அதிகாரி சௌத்ரி அஸ்லம் தலைமையிலான போலீஸ் நடவடிக்கையில் கொல்லப்பட்டார். அவருக்குப் பிறகு உஸைர் பலோச் எழுந்தார். 2012இல் போலீஸ் லியாரிக்குள் கவச வண்டிகளோடு நுழைந்து, ஒரு வாரம் முட்டி மோதிவிட்டுப் பின்வாங்கியது. அந்தச் சௌத்ரி அஸ்லமை 2014 ஜனவரியில் லியாரி விரைவுச் சாலையில் குண்டு வைத்துக் கொன்றது பாகிஸ்தான் தாலிபான். உஸைர் 2016இல் பிடிபட்டு, 2020இல் ராணுவ நீதிமன்றத்தில் 12 வருடத் தண்டனை பெற்றார். எதற்காக என்று நினைக்கிறீர்கள்? உளவு பார்த்த குற்றத்துக்காக. லியாரியின் தாதாவே வெளிநாட்டு உளவாளி என்று தண்டிக்கப்பட்ட கதை இது. எந்தத் திரைக்கதை ஆசிரியரும் இதைக் கற்பனை செய்து எழுதியிருந்தால் மிகை என்று சொல்லியிருப்போம்.

இவ்வளவு இருக்கும்போது, படத்துக்கு வைத்திருக்கும் தலைப்பு 'தி ரிவெஞ்ச்'. பழிவாங்கல். எனக்கு அங்கேதான் பயம்.

முதல் பாகத்தில் என்னை உலுக்கிய காட்சி 26/11 மும்பைத் தாக்குதல். சண்டை இல்லை, துப்பாக்கி இல்லை. திரை முழுக்கச் சிவப்பாகிறது, மும்பையில் இருந்த பயங்கரவாதிகளுக்கு உத்தரவு போட்டவர்களின் நிஜக் குரல் பதிவு ஓடுகிறது. 166 பேர் இறந்த அந்த நாட்களில் ஹம்சா கராச்சியில், கொண்டாடுபவர்கள் நடுவே நிற்கிறான். அவனும் சேர்ந்து கொண்டாடியாக வேண்டும். முகத்தில் ஒரு கோடு மாறினாலும் உயிர் போய்விடும். உளவு வேலை என்றால் என்ன என்று இந்திப் படம் இவ்வளவு கச்சிதமாகச் சொல்லி நான் பார்த்ததில்லை. (2018இல் வந்த 'ராஸி' இன்னொரு விதத்தில் சொன்னது.) அந்தக் காட்சியின் வலியே அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்பதுதான். இரண்டாம் பாகம் முழுக்க அவன் ஒவ்வொருவராகப் போட்டுத் தள்ளிக்கொண்டே போனால், அந்த வலியை முழுசாக விற்றுத் தின்றதாக ஆகிவிடும். திரையரங்கம் அலறும், வசூல் குவியும், ஹம்சா என்ற ஆள் காணாமல் போவான். கடைசியில் நாம் டைகர், பதான் உலகத்துக்கே திரும்பி வந்திருப்போம், கொஞ்சம் கூடுதல் ரத்தத்தோடு.

உண்மையில் அந்த வேலைக்குப் போனவர்களுக்கு என்ன ஆனது? ரவீந்திர கௌஷிக்கைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்ததைப் படித்தவர்களுக்குத் தெரியும். ராஜஸ்தானின் ஸ்ரீகங்காநகர் பையன், மேடை நாடக நடிகர். எழுபதுகளில் வேறு பெயரோடு பாகிஸ்தானுக்குள் அனுப்பப்பட்டு, அங்கேயே படித்து, ராணுவத் துறையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டவர். 1983இல் மாட்டினார். அவரைக் காட்டிக் கொடுத்தது, அவரைத் தொடர்பு கொள்ள இங்கிருந்து அனுப்பப்பட்ட இன்னொரு ஆள் பிடிபட்டதுதான். பல சிறைகளில் கிடந்து, நோயோடு 2001இல் அங்கேயே இறந்தார். வீட்டுக்கு ரகசியமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். குடும்பம் கடைசி வரை அங்கீகாரம் கேட்டு அலைந்தது. அவருக்குப் பழிவாங்கும் காட்சி எதுவும் வாய்க்கவில்லை. அவரை நம்பி வாழ்ந்த அந்தப் பாகிஸ்தானியப் பெண்ணுக்கு என்ன ஆனது என்று இந்தியாவில் யாரும் பெரிதாகக் கேட்டதாகவும் தெரியவில்லை.

அதனால்தான் தலைப்பிலேயே யாலினா பெயரை வைத்தேன். முதல் பாகத்தில் ஹம்சா அரசியல்வாதியான அவள் அப்பாவை நெருங்குவதற்காக அவளைப் பிடிக்கிறான். அவள் அவனை நம்பி வீட்டை எதிர்த்து வந்து கல்யாணம் செய்துகொள்கிறாள். காதலும் ஓரளவு வந்துவிட்டது என்று படம் நம்மை நம்ப வைக்கப் பார்க்கிறது. எனக்கு அந்தப் பகுதி முழுக்க நெருடியது. நடிகர்களின் வயது வித்தியாசம் பற்றி நிறைய பேர் பேசினார்கள், ஏறக்குறைய இருபது வருட இடைவெளி. அந்த நெருடல் சரியானதுதான். ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி கதைக்குள்ளேயே இருக்கிறது. தன் பெயரையே பொய்யாகச் சொன்ன ஒருவன் ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்துகிறான். நாட்டுக்காகச் செய்தான் என்றால் சரியாகிவிடுமா? கடைசியில் அவன் உண்மையில் ஜஸ்கிரத் சிங் ரங்கி, பஞ்சாபைச் சேர்ந்த ஓர் இளம் கைதி என்று நமக்குச் சொல்லிவிட்டார்கள். நமக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியப்போகும் நாள் ஒன்று வரும் இல்லையா? அந்தக் காட்சி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை வைத்துத்தான் இந்தப் படத்தை நான் எடை போடுவேன். அவளைச் சுட்டுக் கொன்று ஹம்சாவுக்கு இன்னொரு பழிவாங்கும் காரணம் கொடுத்து முடித்துவிட்டால், அதைப்போல் ஏமாற்றம் வேறு இருக்காது. அவள் கோபப்பட வேண்டும். கேள்வி கேட்க வேண்டும். முடிந்தால் அவனைக் காட்டிக் கொடுக்கும் நிலைக்கே போகட்டும்.

அந்தக் காட்சியைத் தாங்கும் நடிகையும் கையில் இருக்கிறார். யாலினாவாக நடிக்கும் சாரா அர்ஜுனை மற்றவர்கள் முதல் பாகம் வந்த 2025 டிசம்பரில் கண்டுபிடித்திருக்கலாம், நமக்கு அவர் 2011இலிருந்து தெரிந்த பிள்ளை. 'தெய்வத்திருமகள்' நீதிமன்றக் காட்சியில் விக்ரமும் அந்தச் சின்னக் குழந்தையும் சைகையில் பேசிக்கொண்டபோது அழாதவர்கள் குறைவு. 'பொன்னியின் செல்வன்' படத்தில் சின்ன நந்தினியாகச் சில நிமிடங்களே வந்தார், அந்த முகத்தில் இருந்த காயம்தான் ஐஸ்வர்யா ராய் நந்தினியின் வன்மத்துக்கே அடித்தளம். ஏமாற்றப்பட்ட பெண்ணின் கோபத்தை வசனமில்லாமல் காட்டக்கூடியவர் என்று அப்போதே தெரிந்துவிட்டது. முதல் 'துரந்தர்' அவரைப் பாட்டுக்கும் பைக் சவாரிக்கும் பயன்படுத்திவிட்டு விட்டது.

இன்னொரு விஷயம், அரசியல். 1999 காந்தகார் விமானக் கடத்தலில் தொடங்கும் படம், நாடு அன்று பட்ட அவமானத்தை நேர்மையாகவே காட்டியது. ஆனால் மாதவன் செய்த உளவுத்துறை அதிகாரி பாத்திரம், நாட்டைப் பற்றிக் கவலைப்படும் ஓர் ஆட்சி வரும்வரை காத்திருப்போம் என்ற பொருளில் பேசும்போது, எனக்குப் படத்திலிருந்து வெளியே தள்ளிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. அதுவரை உளவு அதிகாரியாக இருந்தவர் திடீரென்று மேடைப் பேச்சாளர் ஆகிவிட்டார். ஆட்சிகள் மாறும், எந்த ஆட்சியிலும் களத்தில் மாட்டிய உளவாளியை அரசாங்கம் தெரியாது என்றே சொல்லும். அந்த உண்மையைச் சொல்ல ஒரு கட்சியும் தேவையில்லை. இரண்டாம் பாகக் கதை எந்த வருடங்களுக்குள் போகும் என்பதை யோசித்தால் இந்தச் சபலம் இன்னும் கூடும் என்றுதான் தோன்றுகிறது. ஆதித்யா தர் 'உரி' எடுத்தவர், கைதட்டல் எங்கே விழும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கைதட்டல் விழாத காட்சியையும் அவரால் எடுக்க முடியும் என்று அந்தச் சிவப்புத் திரை நிரூபித்தது. எனக்கு இரண்டாவது ஆதித்யா தர் வேண்டும்.

உளவுப் படத்தின் இரண்டாம் பாகம் என்றாலே நமக்கு ஒரு பழைய காயம் இருக்கிறது, 'விஸ்வரூபம்'. 2013இல் முதல் பாகம் நம்மை எப்படிக் கட்டிப்போட்டது! ஐந்து வருடம் கழித்து 2018இல் வந்த இரண்டாம் பாகம், ஏற்கெனவே பார்த்த ஆப்கானிஸ்தானுக்கே திரும்பத் திரும்பப் போய், மிச்சம் மீதியை ஒட்டிய மாதிரி இருந்தது. 'துரந்தர்' அணி இரண்டு பாகங்களையும் சேர்த்தே படமாக்கிவிட்டது, இடைவெளியும் மூன்றரை மாதம்தான் என்பதால் அந்த அளவுக்குச் சிதறாது என்று நினைக்கிறேன். ஆனால் அக்ஷய் கன்னாவின் ரெஹ்மான் செத்துவிட்டான். ரசிகர்கள் கேட்கிறார்கள் என்று பின்கதைகளாக அவரைக் கொண்டுவந்து நிரப்பினால் அதே பள்ளத்தில்தான் விழும். அர்ஜுன் ராம்பால் நடித்த பாகிஸ்தான் உளவு அதிகாரி மேஜர் இக்பால் முதல் பாகத்தில் பயமுறுத்தும் ஆளாக மட்டும் இருந்தார், மனுஷனாக இல்லை. ரெஹ்மானுக்கு வீடு இருந்தது, பறிகொடுத்த மகன் இருந்தான், அதனால்தான் அவன் சாவில் நமக்கு ஏதோ செய்தது. இக்பாலுக்கும் அப்படி ஏதாவது கொடுங்கள்.

கடைசியாக நம் ஊர் சமாச்சாரம். முதல் பாகம் திரையரங்கில் இந்தியில் மட்டும் வந்தது, இந்த முறை தமிழிலும் வெளியிடுவதாக அறிவித்திருக்கிறார்கள். மகிழ்ச்சி. இந்தி புரியாத என் அம்மா மாதிரி ஆட்களையும் அழைத்துப் போகலாம் என்று நினைத்தேன், முதல் பாகத்துக்கு ஏ சான்றிதழ் கிடைத்த காரணங்கள் ஞாபகம் வந்ததும் அந்த யோசனையைத் தள்ளி வைத்துவிட்டேன். மொழிமாற்றுக் குழுவுக்கு என் கோரிக்கை இதுதான். லியாரி ஆட்களுக்கு வடசென்னைப் பேச்சைக் கொடுத்துவிடாதீர்கள், தாதா என்றாலே அந்தப் பேச்சு என்று நாம் பழக்கப்படுத்தியது போதும். அப்புறம், மாதவன் பாத்திரத்துக்கு மாதவனே தமிழில் பேசட்டும். வேறு குரல் வந்தால் அந்த நிமிடமே படம் நமக்கு அந்நியமாகிவிடும்.

19ஆம் தேதி பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். பின்னூட்டத்தில் கதையை உடைக்காதீர்கள், யாலினாவுக்கு என்ன ஆகிறது என்பதை மட்டுமாவது நான் திரையில்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.