காட்டு வான்கோழிக்குப் பயிற்சி முனை போதுமா?

"காட்டு வான்கோழி வெறும் பறவைதானே, அம்புக்கு வெட்டலகில்லாத பயிற்சி முனையே போதும்" என்று அமெரிக்க வில்வேட்டைக்காரர்களிடையே பரவும் கூற்று தவறானது. இதயமும் நுரையீரலும் அடங்கிய அதன் உயிர்நிலை ஏறத்தாழ ஒரு பேஸ்பால் பந்தின் அளவே உள்ளது. பயிற்சி முனை சிறு துளை மட்டுமே இடுவதால், அடிபட்ட பறவை ஓடியோ பறந்தோ மறைந்து, கசியும் இரத்தத்தை இறகுகளே உறிஞ்சிக்கொள்வதால் தடமும் கிடைக்காமல், புதருக்குள் நெடுநேரம் துடித்துச் சாகக்கூடும். தவிர்க்கக்கூடிய இந்த வதைக்கு எவரும் காரணமாகக் கூடாது. டெக்சாஸ் மாநிலத்தில் வில்லால் வான்கோழி வேட்டையாடுவதற்குப் பிராட்ஹெட் எனப்படும் வெட்டுமுனை சட்டப்படி கட்டாயமாகும்.

உடலைக் குறிவைப்போருக்கு, மானுக்கு வேண்டிய அளவு ஊடுருவல் இங்கே தேவையில்லை என்பதால், 1.5 முதல் 2 அங்குல அகலம் வரை வெட்டும் விரிமுனை (பட்டதும் அலகுகள் விரியும் வெட்டுமுனை) நன்கு பொருந்தும். கழுத்தை வெட்டுவதற்கென்றே செய்யப்படும், சுமார் 4 அங்குல அகலமுள்ள முனைகளை உடலில் எய்யக் கூடாது. அவற்றுக்கு நீண்ட அம்பும் அம்பின் வாலில் பெரிய இறகுகளும் வேண்டும்.