காலி அட்டை

பொங்கல் முடிந்த வாரம். சாயங்காலம், கடையில் கூட்டம் இல்லை. பள்ளிக்கூடச் சட்டையைக்கூட மாற்றாத பையன் ஒருவன் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்து கண்ணாடி மேல் ஒரு சின்னத் துண்டை வைத்தான். மாத்திரை அட்டையிலிருந்து கத்தரிக்கோலால் வெட்டின மூலை.

"அக்கா, இதுல ஒரு அட்டை. அப்பாயிக்கு."

திருப்பிப் பார்த்தேன். பெயரில் பாதி வெட்டோடு போயிருந்தது. '...சோலாம் 0.5' மட்டும் மிச்சம். அல்பிரசோலாம். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் எழுதிக் கொடுக்கிற மாத்திரை.

"சீட்டு எங்கப்பா?"

"சீட்டு வீட்டுல இருக்குக்கா. எப்பவும் இத வச்சுத்தான் வாங்குவோம்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. எப்போதும் அப்படித்தான் வாங்குகிறார்கள். நான் கொடுக்காவிட்டால் அடுத்த தெருவில் கிடைக்கும். அம்மாவை வரச் சொல்லு என்று அனுப்பிவிட்டேன்.

டி.பார்ம். முடித்துக் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் பத்தொன்பது வருஷமாக மெடிக்கல் கவுண்டரில் நிற்கிறேன். பிள்ளைகள் மாத்திரையைக் கண்டபடி போட்டுக் கெட்டுப்போவதைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் கொஞ்சம் வேறு மாதிரி தெரிகிறது.

'போதை மாத்திரை விற்ற வாலிபர்கள் கைது' என்று அடிக்கடி செய்தி வருகிறதல்லவா? அதில் பெரும்பாலும் சிக்குவது டேபென்டடால். ஆபரேஷன் வலிக்கும், தாங்க முடியாத வலிக்கும் கொடுக்கிற மருந்து. மூளையில் மார்ஃபின் போய் உட்காரும் இடத்திலேயே இதுவும் உட்காரும். அளவு மீறினால் மூச்சு மந்தமாகும், சாராயத்தோடு சேர்ந்தால் நின்றே போகலாம். இதைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிற பையன்களுக்கு ஒன்று தெரிவதில்லை. மாத்திரை என்பது முழுக்க மருந்து கிடையாது. அதைக் கெட்டியாகப் பிடித்துவைக்கச் சேர்க்கிற மாவும் டால்க்கும் இரத்தத்தில் கரையாது. நுரையீரலின் நுண்ணிய குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். ஒரே ஊசியை ஆளுக்கு ஆள் கைமாற்றிப் போட்டால் எச்.ஐ.வி.யும், ஈரலைக் கெடுக்கிற ஹெபடைடிஸ் சி-யும் கூடவே வரும்.

இது நேற்று முளைத்ததில்லை. முன்பு புரோபாக்சிஃபின் கலந்த வலி மாத்திரை இருந்தது, 2013-இல் தடை செய்தார்கள். கூட்டம் டிரமடால் என்கிற இன்னொரு வலி மாத்திரைக்கு நகர்ந்தது. 2018 ஏப்ரலில் அதைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். இப்போது டேபென்டடால். நாளைக்கு இதையும் அடைத்தால் வேறொன்று வரும். வயலில் எலி வளையை ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் வாய் திறப்பது மாதிரி. அடைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, அடைக்கட்டும்.

ஆனால் இந்தச் செய்தியை வாட்ஸப் குரூப்பில் போடுகிற அப்பா அம்மாக்கள் மனசில் ஓர் ஆள் இருக்கிறான். பள்ளிக்கூட வாசலில் பைக்கில் சாய்ந்து நிற்கிற, தெரியாத ஊர்க்காரன். அவனும் இருக்கிறான்தான். நான் கவுண்டரில் தினமும் பார்க்கிற ஆள் வேறு. அது அந்த அப்பா அம்மாதான்.

கார்த்திகை பிறந்தால் என் கடையில் எது வேகமாக ஓடும் தெரியுமா? நாள் தள்ளுகிற மாத்திரை. வீட்டில் ஒருத்தர் மாலை போட்டுவிட்டால் போதும். ஒன்பதாவது படிக்கிற பெண்ணைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அம்மா மெதுவான குரலில் கேட்பார், "பாப்பாவுக்குத் தேதி வருது, ஒரு அட்டை குடும்மா." பாப்பா தலையைக் குனிந்துகொண்டு நிற்கும். அதில் இருப்பது நாரெதிஸ்டிரோன் என்கிற ஹார்மோன். இரத்தம் கட்டுகிற ஆபத்து யாருக்கு உண்டு, யாருக்கு ஒற்றைத் தலைவலி, யாருக்கு ஈரல் கோளாறு என்று டாக்டர் கேட்டுத்தான் எழுத வேண்டும். இங்கே கேட்கிறவர் யாரும் இல்லை. மாலைக்கு ஒன்று, திருவிழாவுக்கு ஒன்று, அத்தை மகள் கல்யாணத்துக்கு ஒன்று. ஒரே வருஷத்தில் மூன்று தடவை வந்த பெண்ணை எனக்குத் தெரியும். நான்காவது தடவை அம்மா வரவில்லை, அந்தப் பெண்ணே வந்தாள். டூருக்காம். (இந்தத் தீட்டு விவகாரத்தில் எனக்கு ஒரு கருத்து உண்டு. அதைச் சொன்னால் பதிவு வேறு பக்கம் போய்விடும்.)

இன்னொன்று, சதை போடுகிற மாத்திரை. ஒல்லியாக இருக்கிறான், ஜிம்முக்குப் போகிறான், உடம்பு ஏறவில்லை. ஒல்லியாக இருக்கிறாள், பெண் பார்க்க வந்தவர்கள் ஏதோ சொல்லிவிட்டார்கள். கேட்பது இரண்டைத்தான். ஒன்று சைப்ரோஹெப்டடின், அரிப்புக்கும் அலர்ஜிக்குமான மருந்து. பசியைக் கிளப்பும், வகுப்பில் தூங்கி வழிய வைக்கும். இன்னொன்று டெக்ஸாமெதசோன். அது ஸ்டீராய்டு. முகம் பௌர்ணமி நிலா மாதிரி உப்பிக்கொண்டு வரும்போது வீட்டில் சந்தோஷப்படுகிறார்கள், பிள்ளை தேறிவிட்டதென்று. அது சதையில்லை, நீரும் கொழுப்பும். உள்ளே, உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கிற அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திக்கொண்டிருக்கும். பல வாரம் சாப்பிட்டுவிட்டுப் பட்டென்று விட்டால் பிள்ளை சுருண்டு விழலாம், உயிருக்கே ஆபத்து. வெள்ளையாகணும் என்று பூசுகிற ஸ்டீராய்டு கிரீமைப் பற்றித் தனியாகவே எழுதலாம், அவ்வளவு கேட்கிறார்கள்.

இதில் எந்தப் பிள்ளையும் போதைக்காக வரவில்லை. ஆனால் மாத்திரை என்றால் சீட்டு வேண்டாம், கேள்வி வேண்டாம், உடம்பை நமக்கு வேண்டிய மாதிரி வளைத்துக்கொள்ளலாம் என்கிற பாடத்தைப் பதினாலு வயசுக்குள் படித்து முடித்துவிடுகிறார்கள். சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் வீட்டில்தான் இருக்கிறார்.

பாரசிட்டமால் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வீட்டுச் சண்டையில், மார்க் குறைந்த கோபத்தில் ஏதாவது பிள்ளை அதை அள்ளிப் போட்டுக்கொண்டது தெரிந்தால், 'நல்லாத்தானே நடமாடுறான், காய்ச்சல் மாத்திரைதானே' என்று உட்கார்ந்திருக்காதீர்கள். முதல் நாள் ஒன்றும் தெரியாமல்கூட இருக்கலாம். ஈரல் கெடுவது அதற்குப் பிறகுதான் வெளியே தெரியும். இதற்கு மாற்று மருந்து உண்டு. சில மணி நேரத்துக்குள் போனால்தான் நன்றாக வேலை செய்யும். காலி அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஜி.எச்.சுக்கு ஓடுங்கள். அட்டையைக் கொண்டுபோக வேண்டிய இடம் அது.

எங்கள் பக்கத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். 2014 மார்ச்சிலிருந்து ஹெச்-1 என்று, டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளுக்கு ஒரு பட்டியல் உண்டு. அல்பிரசோலாம், அதே வகைத் தூக்க மாத்திரைகளான டயஸிபாம், நைட்ரசிபாம், அப்புறம் டிரமடால் எல்லாம் அதில் வரும். விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் தனி நோட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். எத்தனை கடையில் அந்த நோட்டு அன்றன்றைக்கு எழுதப்படுகிறது? இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்ததும் ஒரே ராத்திரியில், ஒரே பேனாவில் மூன்று மாதக் கணக்கு எழுதினதை நானே பார்த்திருக்கிறேன். பார்மசிஸ்ட் சர்டிபிகேட் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்கும், ஆள் இருக்கமாட்டார், வாடகைச் சர்டிபிகேட். முன்பு வேலை பார்த்த ஒரு கடையில் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "நீ கேள்வி கேட்டுக் கேட்டே ஆளை விரட்டுறம்மா" என்றார். அடுத்த மாதம் நான் அங்கே இல்லை.

2019-இல் எய்ம்ஸ் மருத்துவமனையை வைத்து மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பில், மருத்துவத் தேவையில்லாமல் தூக்க மாத்திரை வகைகளை எடுப்பவர்கள் நாடு முழுக்க சுமார் 1.18 கோடிப் பேர் என்று இருந்தது. இத்தனை அட்டையும் எல்லை தாண்டிக் கடத்தி வந்ததில்லை. என்னுடையது மாதிரி ஒரு கண்ணாடியைத் தாண்டிப் போனதும் அதில் இருக்கும்.

அந்தப் பையனின் அம்மா அரை மணி நேரத்தில் வந்துவிட்டார், கையில் சீட்டோடும் வாயில் கோபத்தோடும். "வயசானவங்க ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடக்குறாங்க, புள்ளையத் திருப்பி அனுப்பிட்டீங்க." சீட்டைப் பார்த்தேன். ராத்திரிக்கு ஒன்று, மாதத்துக்கு முப்பது. போன தடவை எப்போது வாங்கினீர்கள் என்றேன். யோசித்தார். "இப்பல்லாம் இருபது நாள்லயே தீந்துடுது. அத்தைக்கு மறதி, ரெண்டு தடவை போட்டுக்குறாங்கபோல."

"மாத்திரை டப்பா எங்க இருக்கும்?"

"டிவி மேல."

வேறொன்றும் நான் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் எண்ணிப் பாருங்கள் என்றேன்.

மூன்று நாள் கழித்து ஷட்டர் இறக்குகிற நேரத்தில் வந்தார். காலாண்டுப் பரீட்சையிலிருந்தாம். பத்தாவது. ராத்திரி புத்தகத்தை விரித்தால் நெஞ்சு படபடவென்று அடித்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. "அப்பாயி இதப் போட்டாத் தூங்கிடுது, அதான் போட்டேன்னு சொல்றான்" என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது.

அடிக்காதீர்கள், அதைவிட முக்கியம், இன்றைக்கே மாத்திரையைப் பிடுங்கி ஒளித்தும் வைக்காதீர்கள் என்றேன். மாதக்கணக்கில் பழகின உடம்பில் அதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். ஜி.எச். மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். வீட்டில் இப்படி யாராவது இருந்து எங்கே போவதென்று தெரியவில்லையா? 14446, போதை மீட்பு உதவி எண், காசில்லை. மனசு படபடப்புக்கு 14416.

டாக்டர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தார். பையன் மார்ச்சில் பரீட்சை எழுதினான். டப்பா இப்போது பீரோவில், சாவி அம்மாவின் தாலிக்கயிற்றில். மாதம் ஒரு தடவை அம்மாவே சீட்டோடு வருகிறார், நானும் நோட்டில் எழுதிவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

பையனும் கூடவே வருவான். சைக்கிளைவிட்டு இறங்கமாட்டான். ரோட்டுக்கு அந்தப் பக்கம், டீக்கடை நிழலில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, கடையைப் பார்க்காமல் நிற்பான்.